வெள்ளை அட்டிகைக்கு ஒரு பொட்டு

"அண்ணே, அண்ணி செஞ்ச சாமான்ல என்னத்த வச்சீங்க?"

"பொட்டுதான்டா. ஒரே ஒரு பொட்டு."

பக்கத்து வீட்டு அய்யாவு மேசைமேல் குனிந்து பார்த்தான். துண்டின்மேல் இருபத்தொரு பீங்கான் இதழ்கள் கோத்த வெள்ளை அட்டிகை. நடு இதழில் மஞ்சள், அதன்மேல் குங்குமம்.

சுகுமாறனுக்கு அது ஒரு வியாதி. புதுச் சாமான் எது வீட்டுக்குள் வந்தாலும் பொட்டு வைக்காவிட்டால் சோறு இறங்காது. பிரிட்ஜுக்கு வைத்தான், வாஷிங் மெஷினுக்கு வைத்தான். கம்பெனி கொடுத்த லேப்டாப்புக்கும் வைத்து, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆனால் இது அவன் மனைவி யோகேஸ்வரியின் பிழைப்பு. சிங்கப்பூர்க் கலைக்கூடத்து மிஸ் லிம் இன்று கடல்பாலம் தாண்டி, எல்லைக்கு இந்தப் பக்கம் கூலாயில் இவர்கள் வீட்டுக்கே வருகிறாள். பிடித்துவிட்டால் நாற்பது அட்டிகைக்கு ஆர்டர். பிடிக்காவிட்டால், யோகேஸ்வரி மறுபடியும் செனாய் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

"கலர் இருந்தா கண்ணு கலரப் பாத்துட்டுப் போயிடும். வெள்ளையில ஒளிய எடமே இல்லீங்க, விரல் பட்ட பள்ளம்கூடத் தெரியும். மெருகு பூசாத பீங்கான், எது பட்டாலும் குடிச்சிரும். தொடாதீங்க!" என்று காலையில் யோகேஸ்வரி சொல்லிவிட்டுத்தான் மிஸ் லிம்மை அழைத்துவரக் காரில் கிளம்பியிருந்தாள்.

குடித்துவிட்டது.

"ஈரத்துணியால தொடைங்கண்ணே," என்றான் அய்யாவு.

துடைத்ததில் பொட்டு ஐந்து இதழுக்குப் பரவியது.

"சோப்புத்தூள் போடலாம்ணே. எங்கிட்ட இருக்கு."

சோப்புத்தூள் பட்டதும் மஞ்சள் பூராவும் ரத்தச் சிவப்பாகிவிட்டது. சுகுமாறன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அலமாக்! சிவந்துபோச்சேடா!"

"எலுமிச்சம்பழம்ணே! பிழிங்க!"

பிழிந்தான். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது, இந்தமுறை இருபத்தொரு இதழிலும். தைப்பூசத்துக்குப் போகிற மாதிரி இருந்தது அட்டிகை.

போன் அடித்தது. "கடல்பாலத்துல ஜாமுங்க. மிஸ் லிம் இப்பத்தான் வந்தாங்க. இன்னும் ஒரு மணி நேரம் ஆவும்," என்றாள் யோகேஸ்வரி. "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"எல்லாம்... நல்லா இருக்கு. மங்களகரமா இருக்கு."

போனை வைத்ததும் சுகுமாறனுக்கு அழுகையே வந்துவிட்டது. வெந்த கையோடு சூளையைத் திறந்தவள், மூணு மாசம் தூங்காதவள். அவளுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதானே பொட்டு வைத்தான்? அதுவே இப்படிக் குழி பறித்துவிட்டதே!

"அண்ணே, எங்க வீட்டுச் செவுத்துக்கு அடிச்ச வெள்ளை பெயிண்ட் மிச்சமிருக்கு."

"செவுத்துப் பெயிண்டாடா?"

"வெள்ளைன்னா வெள்ளைதானேண்ணே?"

அடித்தார்கள். காயவில்லை. அய்யாவு ஹேர் டிரையர் கொண்டுவந்தான். பெயிண்ட் கொப்புளித்து, இதழோடு இதழ் ஒட்டி, மஞ்சள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. இப்போது அட்டிகை பாதி வெந்த இட்லித்தட்டு மாதிரி இருந்தது.

"மாவு தடவிப் பாக்கலாமாண்ணே?" என்று அய்யாவு இழுத்தான்.

வாசலில் கார் நின்றது.

யோகேஸ்வரி, பின்னால் மிஸ் லிம். சுகுமாறன் இரண்டு கையிலும் அந்த இட்லித்தட்டை ஏந்திக்கொண்டு நின்றான்.

"யோகேஸ், என்னைய என்ன வேணும்னாலும் திட்டு. ஆர்டர் போச்சு. எல்லாம் என்னாலதான்."

யோகேஸ்வரி திட்டவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள். அரிசி வாளிக்குள் முழங்கைவரை விட்டு, ஒரு துணி மூட்டையை எடுத்துவந்து பிரித்தாள். உள்ளே இன்னொரு அட்டிகை, இருபத்தொரு இதழும் பொட்டுத் தூசி படாத வெள்ளை. மிஸ் லிம் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு இதழிலும் விரல் பள்ளம் நிழலாக விழுந்தது. இருபத்தொன்றையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"நாற்பது போதாது லா," என்றாள் கடைசியில், சிங்கப்பூர் ஆங்கிலத்தில்.

சுகுமாறன் தன் கையிலிருந்ததைப் பார்த்தான். "அப்ப இது?"

"சூளையில கோணிப்போனது. நீங்க பொட்டு வைக்கத்தான் மேசையில விட்டுட்டுப் போனேன்," என்றாள் யோகேஸ்வரி.

அய்யாவு பெயிண்ட் டின்னை மூடிக்கொண்டே பெருமூச்சு விட்டான். "அண்ணி, 'நான் வர்ற வரைக்கும் அண்ணன் கைய சும்மா விடாதே, விட்டா அரிசி வாளி வரைக்கும் பொட்டோட போயிருவாரு'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனீங்க. நானும் விடல. ஆனா அடுத்த வாட்டி சீக்கிரம் வந்துருங்க, எனக்கு ஐடியா தீந்துபோச்சு."