வேலிக்கு வெளியிலிருந்து தக்காளி நிலவரம்

ராயக்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள மைத்துனன் கமலக்கண்ணனுக்கு,

மூக்கண்டப்பள்ளியில் நீயும் ஸ்வாதியும் நலம் என்று நம்பி உன் மாமா எழுதுவது.

நம் தக்காளியில் இன்று காலைவரை ஒரு செடிகூட வாடவில்லை. இதைச் சொன்னது உன் அக்கா மாதேஸ்வரி. நான் நேரில் பார்க்கவில்லை. தோட்டத்துக்குள் நுழைய எனக்குத் தடை.

போன பட்டத்தில் வாடல் நோய் வந்து எல்லாம் துவண்டது உனக்குத் தெரியும். பூஞ்சாணம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிறது என்று படித்த நான், ஊருக்கு உபகாரம் செய்யப் புறப்பட்டேன். நாராயணப்பன் தோட்டம், சென்னப்பன் தோட்டம் என்று வாடிய இடமெல்லாம் போய், செடியைப் பிடுங்கி, தண்டைப் பிளந்து, உள்ளே ஓடியிருந்த பழுப்பு நிறத்தைக் காட்டி விளக்கம் கொடுத்துவிட்டு, அதே சேற்றுச் செருப்போடு நேராக நம் பாத்தியில் இறங்கினேன். தோட்டம் பார்க்க வந்த வேளாண் அலுவலர், நோய் மண்ணோடுதான் ஊர் மாறும் என்றார். உன் அக்கா என் காலைப் பார்த்தாள்.

"ஏங்க, பூஞ்சாணத்துக்கு ஏது காலு? உங்க காலத்தான் வாடகைக்கு எடுத்திருக்குது! இந்த வாட்டியும் வாடுச்சுன்னா நெலத்த ப்ளாட் போட குடுத்துருவேன், ஆமா!"

சொன்னதோடு நிற்கவில்லை. நோய்ப் பூஞ்சாணத்தைத் தின்னும் நல்ல பூஞ்சாணம் என்று ஒரு பொடி வாங்கித் தொழுவுரத்தில் கலந்து, ஈரச்சாக்கு போர்த்தி, பச்சைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது போர்வைகூடக் கிடைக்கவில்லை. தோட்டத்து வாசலில், வருகிறவர்கள் கால் நனைத்துவிட்டு வர ஒரு பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டி. நேற்று ப்ளாட் புரோக்கர் புது ஷூவோடு வந்தார். "கால வெச்சிட்டு வாங்க" என்றாள். ஒரு காலை வைத்தார், ஓடிவிட்டார். ஒரு ஷூ கறுப்பு, ஒரு ஷூ வெள்ளை. நானும் அந்தத் தொட்டியில் மூன்று முறை நின்றேன். "நீங்க மட்டும் வேணாம்" என்கிறாள். நீ வந்து பேசு. காலைக் கழுவிவிட்டு வா.

உனக்கு இரவு ஷிஃப்ட் விழாமல் இருக்க மாதேஸ்வரன் அருளட்டும்.

இப்படிக்கு,
மாடசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வந்த செய்தி. ஊரில் வாடாத தோட்டம் இது ஒன்றுதான் என்று கேள்விப்பட்டு, வாடிய தோட்டங்களிலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள் வந்திறங்கியிருக்கிறார்கள். நாராயணப்பன், "எப்டிக்கா இது? கைராசியா?" என்றதும் உன் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டியில் கால் வைக்கக்கூடச் சொல்லாமல் அதைச் சுற்றி அழைத்துப்போய், பாத்தி பாத்தியாகக் காட்டுகிறாள். "கால், கால்!" என்று வேலியோரம் ஓடிப்போய்க் கத்தினேன். "அவரு கெடக்கறாரு, பொறாமை" என்றாள். செடிகள் பிழைக்குமா என்பது மூன்று வாரத்தில் தெரியும். அதுவரை இந்த ஊரில் சுத்தமான கால் என்னுடையது மட்டும்தான். அது வேலிக்கு வெளியே நிற்கிறது.