புலிமணி நிறுவனத்தில் ஒரு சருகுமான்

ஒரு காட்டில் செங்கமலம் என்றொரு சருகுமான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. முயலைவிடச் சற்றே பெரிய உருவம். ஆராய்ச்சித் தலைப்போ அதன் உடம்பைவிட நீளம். விஷயம் என்னவென்றால், புலியின் வாடை காற்றில் எப்படிப் பரவுகிறது என்பதுதான். பல மழைக்காலம் புதருக்குள் உட்கார்ந்து மோப்பம் பிடித்ததில் செங்கமலம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. ஓடையோரம் வளரும் ஒரு கொடியின் இலை, புலி வாடை பட்டால் சுருண்டுகொள்ளும். அந்த இலையில் ஒரு கண் வைத்துக்கொண்டு மேய்ந்தால் மான்கள் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இதை எந்த மானிடமும் செங்கமலம் சொல்லவில்லை. ஆய்வேடு இன்னும் ஏற்கப்படவில்லை அல்லவா, அதற்குமுன் எப்படிச் சொல்வது?

ஆய்வேட்டைப் படிக்க வேண்டியவர் நெறியாளர் முதலையார். (இந்தக் காட்டில் பெரிய பல் உள்ளவர்களுக்குத்தான் மரியாதை விகுதி. மற்றதெல்லாம் ‘அது’.) முதலையார் ஆற்றங்கரையில் வாயைத் திறந்தபடியே படுத்திருப்பார். ஏதோ சொல்லப்போகிறார் என்று மாணவர்கள் காத்திருப்பார்கள். காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று அவர் பல்லிடுக்கைச் சுத்தம் செய்வார்கள். அந்தக் காட்டில் முனைவர் பட்டத்துக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. உதவித்தொகையும் நின்றுபோய், உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்று செங்கமலம் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் காட்டரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வெளியுலகம் தெரியவில்லை. ஸ்டார்ட்-அப் நடத்துகிறவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு தரப்பையும் ஒரே கிளையில் உட்காரவைத்தால் புதுமை பிறக்கும் என்று எந்த மேதாவிக்கோ தோன்றியிருக்கிறது. ஆராய்ச்சியாளர் ஒரு பருவம் முழுக்க ஒரு புதுமை நிறுவனத்தில் பயிற்சிக்குப் போக வேண்டும். சாப்பாட்டை அரசு பார்த்துக்கொள்ளும். பருவ முடிவில் ஒரு வெற்றிக்கதையும், எல்லாரும் சிரித்தபடி நிற்கும் ஒரு படமும் கொடுத்தாக வேண்டும். வெற்றி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறவர்களுக்குத் திட்டம் கிடைப்பதில்லை.

முதலையார் உடனே அனுமதி கொடுத்தார். திரும்பி வந்ததும் கடைவாய்ப்பல்லில் கொஞ்சம் வேலை இருப்பதாகவும் நினைவூட்டினார்.

செங்கமலத்துக்குக் கிடைத்த நிறுவனத்தின் பெயர் ‘புலிமணி’. அதை நடத்தியது ரித்விக் என்ற குரங்கு. ரித்விக் இதற்குமுன் பேன் பார்க்க ஆள் அனுப்பும் செயலி நடத்தி மூடியிருந்தது. அதற்கும்முன் மாம்பழ டெலிவரி. வழியிலேயே பழம் காணாமல் போனதால் அதுவும் படுத்துவிட்டது. இப்போது மான்களின் கழுத்தில் கட்டும் ஒரு மணி. புலி வந்தால் மணி அடிக்கும், மான் தப்பிக்கும் என்று மரத்துக்கு மரம் விளம்பரம் தொங்கியது. காலையில் பறித்த இளந்தளிரில் பாதியைக் கொடுத்து மான்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போயின.

செங்கமலம் எவ்வளவு ஆசையோடு போனது தெரியுமா? தன் இலையையும் அந்த மணியையும் சேர்த்துவிட்டால் காட்டில் இனி ஒரு மான்கூடச் சாகாது என்று அது நம்பியது. ரித்விக் அதை வரவேற்று, பூசணிக்காய் மேல் உட்காரவைத்து, அத்திப்பழம் கொடுத்தது. பிறகு ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு விளம்பரத்தின் பக்கத்தில் நிற்கச் சொன்னது. மறுநாளிலிருந்து விளம்பரத்தில் ‘அறிவியல்பூர்வமானது’ என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. ஆள் வந்தால் செங்கமலத்தின் பெயர் டாக்டர். ஆள் போய்விட்டால் இன்டர்ன்.

இலையைப் பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம் அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றது ரித்விக். செங்கமலம் மணியை எடுத்து உருட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு கூழாங்கல். அவ்வளவுதான்.

“ரித்விக், இது மான் நடந்தாலே அடிக்குது. தலையை ஆட்டினா அடிக்குது. புலி வந்தா மட்டும் அடிக்கணும்னு இதுக்கு எப்படித் தெரியும்?”

“நாள் பூரா அடிக்குதில்ல? அதைத்தான் எங்கேஜ்மெண்ட்னு சொல்றோம்” என்றது ரித்விக்.

செங்கமலத்துக்கு ஒரே ஒரு தோழி உண்டு. வடிவு என்ற புள்ளிமான். சின்ன வயதில் மழை பிடித்தால் செங்கமலம் ஓடிப்போய் வடிவின் வயிற்றுக்கடியில் நின்றுகொள்ளும். மழை விடும்வரை வடிவு கால் மாற்றாமல் நிற்கும். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அந்த வடிவு ஒருநாள் ஓடைக்கரைக்கு வந்து கேட்டது.

“ஏன்டி, எல்லாரும் மணி கட்டிக்கிறாங்க. நீ அங்கதானே இருக்க. நான் கட்டிக்கலாமா, வேணாமா?”

கட்டிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஆனால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வராது. “இப்போதைக்குக் கிடைச்ச தரவை வச்சு உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதுடி. மேற்கொண்டு ஆய்வு தேவைப்படுது” என்றது செங்கமலம்.

“அப்ப கெடுதல் இல்லன்னு சொல்ற.”

“கெடுதல்னு இன்னும் நிரூபிக்கப்படல.”

படித்தவள் சொல்லிவிட்டாள் என்ற தெம்பில் வடிவு அன்றைக்கே மணி வாங்கிக் கட்டிக்கொண்டது.

அதன்பிறகு காட்டில் மான்கள் குறைய ஆரம்பித்தன. ரித்விக் அசரவில்லை. வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பு ஒன்றை நடத்தியது. பதில் சொன்ன அத்தனை மான்களும் ‘மிகவும் திருப்தி’ என்றே சொல்லியிருந்தன. குறை சொல்லக்கூடிய மான்கள் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஒரு புகார்கூட வராத ஒரே நிறுவனம் என்று புலிமணிக்குக் காட்டரசு கேடயம் கொடுத்தது.

செங்கமலத்துக்கு மட்டும் சந்தேகம் வந்தது. புலி அடித்த இடங்களையெல்லாம் தேடிப்போய்ப் பார்த்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணி கிடந்தது. மணி கட்டாத மான்களோ ஓடைக்கு அந்தப் பக்கம் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. செங்கமலம் அதையெல்லாம் ஒரு வரைபடமாக வரைந்து எடுத்துக்கொண்டு ரித்விக்கிடம் ஓடியது. மணிச் சத்தம்தான் புலியாருக்கு வழி காட்டுகிறது, எல்லா மணியையும் இன்றைக்கே திரும்ப வாங்க வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொன்னது.

ரித்விக்கின் வால் ஆடுவது நின்றது. வரைபடத்தை வெகுநேரம் பார்த்தது. அதன் கண் கலங்கியதைச் செங்கமலம் கவனித்தது. குரங்காக இருந்தாலும் நெஞ்சில் ஈரம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டது.

“டாக்டர்,” என்றது ரித்விக். பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “இத்தனை நாளா நாம தப்பான ஆளுக்கு வித்துட்டு இருந்திருக்கோம்.”

அன்று மாலையே அந்த வரைபடத்தோடு ரித்விக் புலியாரின் குகைக்குப் போனது. புலியார் முதலீட்டாளர் ஆனார். அடுத்த நாளிலிருந்து மான்களுக்கு மணி இலவசம். பழைய மணி மெதுவாகக் கேட்டால் பெரிய மணி மாற்றித் தரப்பட்டது.

செங்கமலம் பதறிப்போய் நெறியாளரிடம் ஓடியது. முதலையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வாய் திறந்தே இருந்ததால் அவருக்கு அதிர்ச்சியா இல்லையா என்று தெரியவில்லை. கடைசியில், செத்த மான்களின் எண்ணிக்கை ஒரு முடிவுக்கு வரப் போதாது என்றும், இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்றும், கட்டுரையில் தன் பெயரை முதலில் போடும்படியும் சொன்னார்.

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று செங்கமலம் வடிவைத் தேடிப் போனது. போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டே போனது. அதுதான் அது செய்த தப்பு.

வடிவு ஓடையோரம் வெயிலில் மேய்ந்துகொண்டிருந்தது. கழுத்தில் புது மணி, பெரிய மணி. “நான் சொல்றதை முழுசா கேளுடி. உன் உசுரு சம்பந்தப்பட்ட விஷயம்” என்றது செங்கமலம்.

வடிவு சரியென்று தலையை ஆட்டியது. மணி அடித்தது.

செங்கமலம் மணி என்னும் கருவியின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தது. வடிவு தலையை ஆட்டியது. பிறகு வாடையைப் பற்றி முன்னோர் சொல்லிவிட்டுப் போன கருத்துகளுக்கு வந்தது. அவற்றில் எதை ஏற்கலாம், எதை ஏற்க முடியாது என்று விளக்கியது. தோழி எது பேசினாலும் மரியாதைக்குத் தலையாட்டிக் கேட்பது வடிவின் சுபாவம். மணி விடாமல் அடித்தது. ஆய்வு செய்த முறை முடிந்து, ஆய்வின் வரம்புகள் ஆரம்பமானபோது, பக்கத்துக் கொடியில் ஓர் இலை மெல்லச் சுருண்டது. பிறகு இன்னொன்று.

செங்கமலம் பேச்சை நிறுத்தியது. அதன் முகம் மலர்ந்துபோனது. எத்தனை மழைக்காலம் இதற்காகக் காத்திருந்தது!

“வடிவு, இங்க பாரு. இலை சுருளுது. நான் சொன்னது சரிதான்டி.”

வடிவு அந்த இலையைப் பார்க்கக் குனிந்தது. அந்த நேரத்தில்தான் புலியார் வந்தார்.

செங்கமலம் சருகுக்குள் ஒடுங்கிக்கொண்டது. எல்லாம் அடங்கியதும் புலியார் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து, “அந்த வரைபடம் போட்டது நீதானேம்மா? எனக்கே புரியற மாதிரி இருந்துச்சு” என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. செங்கமலம் ஓடையோரத்திலேயே நனைந்தபடி அழுதுகொண்டிருந்தது. ஒதுங்க அதற்கு வேறு இடம் தெரியவில்லை.

பருவம் முடிந்தது. காட்டரசின் மலரில் முதல் வெற்றிக்கதை இதுதான். ஆராய்ச்சி நடைமுறைக்கு வந்துவிட்டது, நிறுவனத்துக்கு முதலீடு வந்துவிட்டது, பயனாளர் ஒருவரும் குறை சொல்லவில்லை. படத்தில் எல்லாரும் சிரித்தார்கள். முதலையார் எப்போதும்போல் வாயைத் திறந்திருந்தார், அதுவும் சிரிப்பாகத்தான் தெரிந்தது. செங்கமலத்துக்குப் பட்டமும், பட்டத்தோடு விகுதியும் கிடைத்தன. செங்கமலத்தார் என்றுதான் இப்போது எழுதுகிறார்கள். அவருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள்.

பயிற்சியில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன என்று விழா மேடையில் கேட்டார்கள். நீண்ட உரை வரும் என்று எல்லாரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

“சுருக்கமாகப் பேச” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார் செங்கமலத்தார்.

நீதி: தோழியைக் காப்பாற்ற நினைப்பவர் முடிவுரையிலிருந்து பேசத் தொடங்க வேண்டும். பட்டம் வாங்க நினைப்பவர் நிதானமாக முன்னுரையிலிருந்தே தொடங்கலாம்.