வைப்பினுக்குப் போன கப்பல்

ராஜபாளையத்தில் காலையில் எழுந்ததும் ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டு உயர்த்தி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போன ஒரே மனிதர் கப்பல் அண்ணாச்சிதான். எங்கள் ஊரில் மேற்கே பார்த்தால் மலை. மற்ற மூன்று பக்கமும் பருத்தி, மில், மாந்தோப்பு. கடல் என்பது காலண்டரில் பார்க்கிற சமாச்சாரம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மில் சங்கு ஊதினால் எல்லாரும் ஒரே பக்கம்தான் போக வேண்டும். ஆனாலும் அவர் தினமும் பார்ப்பார். பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்லே" என்பார். சைக்கிளில் மில்லுக்குப் போகிறவருக்கு என்ன ஆட்டம் என்று நாங்கள் கேட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் கிளார்க். அவர் அதே மில்லில் ஃபிட்டர். எலெக்ட்ரீஷியன் சாமுவேல், அக்கவுண்ட்ஸ் பாலு, நான், அவர் என்று நாலு பேரும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். சாமுவேலுக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியம். பாலு ஸ்ரீவில்லிபுத்தூர், ஆண்டாள் கோயிலுக்கு அடுத்த தெரு. பஸ் ஏறினால் அரை மணியில் வீடு. ஆனால் அப்பா அதிகாலையில் எழுப்பிக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறார் என்பதற்காக எங்களோடு வந்து படுத்துத் தூங்கினான். எங்கள் மூவருக்கும் இருபத்தைந்து வயது. அண்ணாச்சிக்கு நாற்பது. கல்யாணம் ஆகவில்லை. மகாராஜபுரத்துக்காரர். பதினெட்டு வயதில் கப்பலேறி, இரண்டு வருஷம் சரக்குக் கப்பலின் இன்ஜின் ரூமில் இருந்துவிட்டு வந்தவர் என்று மில் முழுக்கத் தெரியும். அவரே சொன்னதுதான்.

நாங்கள் மொட்டை மாடி என்று சொல்வதை அவர் மேல்தளம் என்பார். ரசம் புளித்தால் முகம் சுளிக்க மாட்டார், "பினாங்குல இப்பிடித்தான் வைப்பான்" என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார். வாத்து மாதிரி கால்களை அகட்டி வைத்து நடப்பார். ஏன் அண்ணாச்சி இப்படி என்றால், "ஆடுற தரையில நடந்து பழகுன காலு. ஆடாத தரையில இப்பிடித்தாம்லே வரும்" என்பார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் அவரைச் சுற்றி எப்போதும் முப்பது பேர் இருப்பார்கள். அவருடைய புயல் கதையை நானே நாலு தரம் கேட்டிருக்கிறேன். முதல் தரம் அலை ஒரு மாடி உயரம். நாலாவது தரம் அது எங்கள் மில் புகைபோக்கிக்கு மேலே போய்விட்டது.

சில சாயங்காலங்களில் மட்டும் பேச மாட்டார். மாடியில் தனியாக நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் போனால் மலையைக் காட்டி, "அந்தப் பக்கம் எறங்குனா கடல்தாம்லே" என்பார். குரல் வேறு மாதிரி இருக்கும்.

ஒரு கோடைத் தொடக்கத்தில் மின்வெட்டு என்று மில்லை நாலு நாள் மூடினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிக் கொச்சிக்குப் போகலாம் என்று சாமுவேல்தான் ஆரம்பித்தான். பாசஞ்சர் வண்டியில் போவது, பாலு வீட்டுப் புளியோதரையைச் சாப்பிடுவது, படகில் ஏறித் தீவெல்லாம் சுற்றுவது. டவுன் பஸ் டிக்கெட் விலைதான் படகு டிக்கெட்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

எல்லாரையும்விட முதலில் பெட்டி கட்ட வேண்டியவர் பின்வாங்கினார். "கடல்ல கெடந்தவன் திரும்பக் கடலப் பாக்கக் கூடாது. மனசு தாங்காது" என்றார். மறுநாள், "சிங்கப்பூரப் பாத்த கண்ணுக்குக் கொச்சியெல்லாம் ஒரு துறைமுகமாலே" என்றார். அதற்கும் மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார்.

சாமுவேல் அவர் பாய் ஓரமாக உட்கார்ந்தான். "அண்ணாச்சி, எங்க மூணு பேருக்கும் நீச்சல் தெரியாது. கடலத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட இல்லாம எப்படிப் போறது?"

அதில் விழுந்துவிட்டார். எழுந்து கடைத்தெருவுக்குப் போய் வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

செங்கோட்டை தாண்டும்வரை பெட்டி முழுவதற்கும் கதை சொல்லிக்கொண்டே வந்தார். மலையில் குகைகளைக் கடந்து வண்டி அந்தப் பக்கம் இறங்கியதும் காற்று மாறியது. எங்கள் ஊர்க் காற்றில் இல்லாத ஒரு ஈரம். அண்ணாச்சி பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். கொல்லத்தில் வண்டி மாறி எர்ணாகுளம் போய்ச் சேரும்வரை வாய் திறக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தோம்.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜ். ஒரு ரூமுக்கு மூன்று பேர்தான் என்று மேனேஜர் கறாராகச் சொன்னார். பிறகு அண்ணாச்சியின் வெள்ளை ஷூவைப் பார்த்தார். அகட்டி நின்ற கால்களைப் பார்த்தார்.

"நேவியா?" என்று கேட்டார்.

"மெர்ச்சன்ட்" என்றார் அண்ணாச்சி, எங்கோ தூரத்தில் பார்த்துக்கொண்டு.

மேனேஜர் மறுபேச்சுப் பேசாமல் நாலாவது ஆளுக்குப் பாய் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை படகுத்துறைக்குப் போனோம். வைப்பின் தீவுக்குப் போகிற படகு நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்லேட்டும் பையுமாக, நாம் வாசற்படி தாண்டுகிற மாதிரி தாண்டி ஏறினார்கள். பாலு புளியோதரைத் தூக்கோடு ஏறினான். அண்ணாச்சி ஒரு காலைப் படகில் வைத்தார். படகு கொஞ்சம் விலகியது. காலை எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். சாமுவேலின் தோளை அவர் பிடித்த பிடியில் அவன் சட்டை கிழிந்தது.

படகு நகர்ந்ததும் நடுப்பலகையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூரத்தில் நிஜக் கப்பல்கள் நின்றன, வீடு வீடாக அடுக்கி வைத்த மாதிரி. "அண்ணாச்சி, கப்பல்" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். பாதி வழியில் வாந்தி எடுத்தார். எதிரில் காலி மீன்கூடையோடு இருந்த அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கி அவர் மூக்கில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஆத்யமாயிட்டாணோ?" என்று கேட்டாள். முதல் தடவையா என்று கேட்கிறாள். இவரைப் போய்.

நான் பதில் சொல்வதற்குள் அண்ணாச்சி கண்ணை மூடியபடியே, "ஆமாம்மா" என்றார்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

தீவில் இறங்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே மேற்கே நடந்தோம். கொஞ்ச தூரத்தில் மரங்கள் முடிந்தன. அதற்குப் பிறகு கடல்தான். அண்ணாச்சி நின்றார். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கணுக்கால் அளவு தண்ணீருக்குப் போய் நின்று, ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பிறகு குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டார். திரும்பி எங்களைப் பார்த்து, "ஏலே, நெசமாவே உப்பா இருக்குலே" என்றார்.

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது போலிருந்தது. மணலில் வந்து உட்கார்ந்தார்.

"மதுரையில ஒரு ஏஜென்ட் ஆபீஸு" என்றார். "அங்கனதான் டாக்டர் பாத்தாரு. கால நனைச்சிட்டு சிமென்ட் தரையில நடன்னாரு. தடத்தப் பாத்தாரு. பாதம் தட்டையா இருக்கு, கப்பல்ல நின்னு செய்யிற வேலைக்கு ஆகாதுன்னுட்டாரு. அம்புட்டுத்தான்."

"சரி, ஊருக்குத் திரும்பிட வேண்டியதுதானே அண்ணாச்சி" என்றான் பாலு.

"ஊரே மாலை போட்டு பஸ் ஏத்திவிட்டுதுலே. வாத்தியார் பேசினாரு. எங்க அம்மா பஸ்ஸு மறையிற வரைக்கும் நின்னா. காலையில போனவன் சாயங்காலம் எந்த மூஞ்சியோட போயி எறங்க?"

அதனால் கோவில்பட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். ஃபிட்டர் வேலை கற்றது அங்கேதான். எதிரே ஒரு டீக்கடை. அங்கே கப்பலில் இருந்து ரிடையரான ஒரு பெரியவர் தினமும் வந்து பேசுவார். பினாங்கு, சிங்கப்பூர், புயல் எல்லாம் அவருடையது. இரண்டு வருஷம் கேட்டுவிட்டு ஊருக்கு வந்தார்.

"அவராவது நெசமாவே போனாரா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி யோசித்தார். "அவரு கால நான் பாக்கலையேலே."

சாமுவேல் ரொம்ப வருத்தமாக, "அப்ப பினாங்கு ரசம்?" என்றான்.

"அது ஒன் ரசந்தான். புளிய அள்ளிப் போட்டுருத. மூஞ்சியச் சுளிச்சா நீ வருத்தப்படுவன்னு சொன்னது."

அப்போதுதான் சிரித்தோம். பாலு மணலில் விழுந்து சிரித்தான். அண்ணாச்சியும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. அந்தத் தண்ணீர் சிரிப்பு நின்ற பிறகும் நிற்கவில்லை. பாலு வீட்டிலிருந்து கொண்டுவந்த பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க அங்கேயே இருந்தோம். சீன வலை, பழைய கோட்டை, பார்க்க நினைத்த எதையும் பார்க்கவில்லை. அவர் போய்ப் போய் நனைந்துவிட்டு வந்தார்.

திரும்பி வரும் படகில் என்னிடம் மட்டும், "நீ சொல்லிருவலே" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. வயிற்றில் ரகசியம் தங்காதவன் என்று மில்லில் எனக்குப் பெயர். மில்லில் நுழைகிற எல்லாரும் என் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். வருகைக் கார்டு அடிக்க நிற்கிற ஒரு நிமிஷத்தில் ஒரு சேதி போதும், மத்தியானத்துக்குள் மில் முழுக்கப் போய்விடும். சொல்ல மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. செய்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

மில் திறந்த அன்று ஜன்னலில் கூட்டம். "கப்பல் எப்படி, கடலப் பாத்ததும் குதிச்சிட்டாரா?" என்று ஸ்பின்னிங்காரர் ஒருவர் கேட்டார். வரிசையில் நாலாவது ஆளாக அண்ணாச்சி கார்டோடு நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை ஏன் கேக்கீக" என்றேன். "படகோட்டுறவர் இவர் நடந்து வாரதப் பாத்ததுமே எந்திரிச்சு வணக்கம் வச்சுட்டாரு. பாதி வழியில காத்து பெரிசாயிருச்சு. இவரு விரல எச்சில் தொட்டுப் பாத்து, எடது பக்கம் திருப்புன்னாரு. அம்புட்டுச் சனமும் பொழச்சது அதுலதான்."

அவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அண்ணாச்சி முறை வந்ததும் கார்டை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போனார். நான் திருத்திக் கொடுத்தேன்.

விசித்திரம் என்னவென்றால், அதற்குப் பிறகு அவர் சிங்கப்பூர் கதையைச் சொல்லவே இல்லை. கேன்டீனில் கேட்டால், வைப்பின் படகைப் பற்றித்தான் சொல்வார். தண்ணீர் எப்படிக் கறுப்பாக இருந்தது, எலுமிச்சம்பழம் எப்படி மணத்தது, மணல் காலுக்கடியில் எப்படி நழுவியது. எல்லாம் உண்மை. அதனால் கூட்டம் குறைந்து, கடைசியில் நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். நாங்கள் ஏற்கெனவே பார்த்ததுதான், ஆனாலும் கேட்டோம்.

"ஏலே, அடுத்த லீவுக்கு இன்னொரு மட்டம் போவமா" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். போவோம் அண்ணாச்சி என்போம். சாமுவேல் ஷார்ஜா போனான். பாலு கல்யாணமாகிச் சென்னை போனான். எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. அந்த வீட்டைக் காலிசெய்த அன்று அவர் மாடியில் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணாச்சியிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. மில் வேலையை விட்டுவிட்டாராம். வைப்பினில் மீனுக்கு ஐஸ் போடுகிற ஐஸ் பிளான்ட்டில் ஃபிட்டர். "வேலை முடிஞ்சு வெளிய வந்தா கடல் இருக்கு. நேத்தும் இருந்துச்சு. இன்னிக்கும் இருந்துச்சு. ரூம்ல நாலு பாய் வாங்கிப் போட்டிருக்கேன். எல்லாரும் வாங்க" என்று எழுதியிருந்தார். அப்புறமும் கார்டுகள் வந்தன. எல்லாவற்றுக்கும் கடைசி வரி அதேதான். நான் வருகிறேன் என்று பதில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நாலைந்து வருஷம் கழித்து ஆபீஸ் வேலையாக எர்ணாகுளம் போனபோதுதான் ஒரு மத்தியானம் நேரம் கிடைத்தது. படகேறினேன். முன்பே கார்டு போட்டிருந்ததால் அண்ணாச்சி துறையில் நின்றிருந்தார். தலை வெளுத்திருந்தது. படகு அணைவதற்கு முன்பே ஒரு எட்டில் தாவி ஏறி என் பையை வாங்கிக்கொண்டார். படகுக்காரர்கள் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். ரூமுக்குக் கூட்டிப்போய்ச் சிவப்பரிசிச் சோறும் மீன்குழம்பும் போட்டார். சாமுவேலுக்கு எத்தனை பிள்ளைகள், பாலு அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா என்று வரிசையாகக் கேட்டார். மூலையில் நாலு பாய்கள் சுருட்டி நின்றன. மூன்றில் கடைக்காரன் கட்டிய சணல் கூட அவிழ்க்கப்படவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கெட்டா போவுது, இருக்கட்டும்" என்றார்.

கடற்கரைக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் துறைக்கு வந்தோம். படகு வந்தது.

"செத்த நேரம் இருந்துட்டுப் போயேம்லே. பொறவும் படகு இருக்கு."

"இல்ல அண்ணாச்சி, வேலை கெடக்கு. அடுத்த தடவை மூணு பேரும் சேந்து வாரோம்."

சரி என்று தலையாட்டினார். படகு நகர்ந்து பாதி தூரம் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தார். அதற்குப் பிறகு கார்டு வரவில்லை. நான் போட்ட இரண்டும் திரும்பி வந்தன.

அன்று சாயங்காலம் எனக்கு அப்படி என்ன வேலை கிடந்தது என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஞாபகம் வர மாட்டேன் என்கிறது. செத்த நேரம் இருந்திருக்கலாம்.