உப்பு படாத வேன்

"எஞ்சினை மட்டும் மாத்துனா இன்னும் பத்து வருஷம் ஓடும்யா..."

"மாத்துன எஞ்சினை எதுமேல வெப்பீங்க தலைவரே? அடித்தட்டுன்னு ஒண்ணு இருந்தாத்தானே..."

"தகடு அடிச்சிக்கலாம்! கூரைக்கு ஒரு பெயின்ட்டு..."

"தகடு அடிக்கிறதுக்கும் கொஞ்சம் இரும்பு மிச்சம் இருக்கணும்ல? பேசாம புதுசு..."

"நான் பேசி முடிச்சிடறேன்யா!"

"நீங்க போன கூட்டத்துலேருந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கீங்க!"

உலகத்தின் தலையெழுத்தை மாற்றிய முடிவுகள் எல்லாமே, சம்பந்தப்பட்ட பொருளைக் கண்ணால் பார்க்காதவர்களால் எடுக்கப்பட்டவைதான். பார்த்துவிட்டால் மனசு இளகிவிடும், நடுநிலை கெட்டுவிடும். உப்பள முன்னேற்றச் சங்கம் அந்த உயர்ந்த மரபில் வந்தது. மரக்காணம் உப்பளத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பழைய வேனை 'மேம்படுத்துவதா, மாற்றுவதா' என்று தீர்மானிக்க, அது ஓர் உயர்மட்டக் குழுவை அமைத்திருந்தது. மேம்பாட்டின் பக்கம் தலைவர் காசிலிங்கம். மாற்றத்தின் பக்கம் செயலாளர் அறிவழகன். பெண்களுக்கும் உரிய இடம் தர வேண்டும் என்று அளத்தில் உப்பு வாரும் ஆரோக்கியசெல்வியையும் உறுப்பினராக்கியிருந்தார்கள். இடம் என்றால் கதவோரம் ஒரு ஸ்டூல். பொறுப்பு, தலையாட்டுவது.

செல்விக்கு எஞ்சினும் ஒன்றுதான், தகடும் ஒன்றுதான். மழை முடிந்து பாத்தி வேலை தொடங்கிவிட்டது. வேன் இல்லாவிட்டால் நடை. போகும்போது நடந்தால் தாமதம். "இன்னிக்கு ஆளு நெறைஞ்சிடுச்சும்மா" என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். திரும்பும்போது நடந்தாலோ, உப்பு அறுத்த பாதத்தோடு உச்சிவெயிலில் தார் ரோடு.

"எதையாவது ஒண்ணு பண்ணுங்க தலைவரே. எங்களுக்கு வண்டி உருளணும், அவ்ளோதான்" என்றாள்.

"அவசரப்பட்டா எப்பிடிம்மா? மொதல்ல நேரடி ஆய்வு" என்றார் காசிலிங்கம்.

நேரடி ஆய்வும் நடந்தது. ஈசிஆர் ரோட்டில் தலைவரின் கார் நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. முழுக்க இறக்கினால் ஏசி வீணாகிவிடும். சங்கம் சிக்கனத்துக்குப் பேர்போனது. காரில் இடமில்லாததால் செல்வி ஆய்வில் 'மனத்தளவில்' கலந்துகொண்டாள்.

அங்கே ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. மழைக்கு முன்பு டிரைவர் சிங்காரம் வேனை அளத்து ஓரமாகவே நிறுத்தி, பனை ஓலையால் மூடியிருந்தார். அந்தக் கரையில் மழைக்கு எதை மூடினாலும் ஓலைதான். உப்புக் குவியல்களையும் அப்படித்தான் மூடுவார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் ஓலைக் குவியல்கள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று வேன்.

"அதோ, மூணாவதா தெரியுதே, அதானேய்யா?"

"அதேதான் தலைவரே. எவ்ளோ கம்பீரமா நிக்குது பாருங்க."

கண்ணாடி ஏறியது. அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டது. வாகனம் உறுதியாக நிற்கிறது. அடிப்பகுதி தரையோடு நன்கு பொருந்தியுள்ளது. ஓட்டை எதுவும் தென்படவில்லை. ஆகவே மேம்பாடே போதும்.

செல்வி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "ஓட்டை இல்லியா? போன வருஷம் என் சோத்து டப்பா அந்த ஓட்டை வழியாத்தானே ரோட்டுல விழுந்துச்சி!"

"அது போன வருஷம்மா. இது ஆய்வறிக்கை" என்றார் தலைவர் பெருமிதத்தோடு.

மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு மறுபடி போனபோது மூன்றாவது குவியலைக் காணவில்லை. அதை வியாபாரி லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். உப்பாகப் பிறந்ததற்கு அதுதானே கதி?

சங்கம் அதிர்ந்தது. அவசரக் கூட்டம் கூடியது. வேனைக் காணோம்!

"எங்கியும் போவல தலைவரே. பக்கத்துல நாலாவதா நிக்கிதே, அதான் வேனு. ஓலைக்கு வெளிய டயரு தெரியிது, போயிப் பாருங்க" என்றாள் செல்வி.

அறிவழகன் பொறுமையாகச் சிரித்தார். "மூணாவதுன்னுதான் தீர்மானத்துல இருக்கு. நாலாவதா நிக்கிறது எப்படிம்மா நம்ம வேனா இருக்க முடியும்?"

"சிங்காரம் அண்ணனைக் கேளுங்க."

"என் வேனுதாங்க. சாவி போட்டா மொனகுது" என்றார் சிங்காரம்.

"எல்லா வேனும்தான் மொனகும். அதெல்லாம் ஆதாரம் ஆவாதுப்பா."

காணாமல் போன வேனை மேம்படுத்த முடியாது. இதைக் காசிலிங்கமே ஒப்புக்கொண்டார். அன்று 'மாற்றம்' ஒருமனதாக நிறைவேறியது. செல்வியும் தலையாட்டினாள். புது வண்டியாவது உருளுமே!

புது வேன் வந்தது. வெள்ளை வெளேரென்று, சீட்டில் பிளாஸ்டிக் உறை, நெற்றியில் சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். "பழைய வேனை உப்பு தின்னுடுச்சி. இதைத் தின்ன விடமாட்டோம்!" என்று அறிவழகன் சபதம் செய்ய, காசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே இரண்டு விதிகள் பிறந்தன. ஒன்று, உப்புக் காலோடு யாரும் ஏறக் கூடாது. நல்ல தண்ணியில் கழுவிக்கொண்டுதான் ஏற வேண்டும். இரண்டு, வேனைத் தினமும் நல்ல தண்ணியில் குளிப்பாட்ட வேண்டும். அந்தத் தண்ணியை வேறு யாரும் தொடக் கூடாது.

இந்த இடத்தில் சங்கத்தின் சாதனையைச் சொல்லியே ஆக வேண்டும். அளத்தில் குடிக்கவும் கால் கழுவவும் ஒரு டேங்க் நல்ல தண்ணி வேண்டும் என்று பெண்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வந்தார்கள். "உப்பளத்துல நல்ல தண்ணிக்கு எங்கம்மா போறது? பூமியே அப்படி" என்று தலைவர் வருத்தத்தோடு கைவிரிப்பார். வேன் வந்த மறுநாளே பூமி மனம் மாறியது. டிராக்டரில் தண்ணி வந்தது. கறுப்பு டேங்க் ஒன்று, நிழலுக்குக் கீற்றுப் பந்தலோடு எழுந்தது.

காலையில் வேன் பெண்களை ஏற்றிவந்து இறக்கியது. மத்தியானம் குளித்து முடித்து, காலியாக, பளபளவென்று திரும்பிப் போனது. பெண்கள் பின்னாலேயே நடந்தார்கள்.

"நம்மள இட்டாந்து வுட்டுட்டு அது மட்டும் வூட்டுக்குப் போவுது பாரு!" என்றாள் கூட நடந்த சவரியம்மாள். "மாப்பிள்ளை மாதிரி குளிச்சிட்டு வேற போவுதுடி!"

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. சங்க உறுப்பினர் அல்லவா, விதிகளை யோசித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் மத்தியானம் நேராக டேங்கிடம் போனாள், குழாயைத் திறந்தாள், இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினாள், வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சவரியம்மாளும் கழுவினாள். அப்புறம் மற்றவர்களும். சிங்காரம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

சாயந்திரமே விசாரணைக் கூட்டம்.

"வேனுக்குன்னு வெச்ச தண்ணிய எதுக்கும்மா தொட்ட?"

"காலைக் கழுவிட்டு ஏறுன்னு நீங்கதானே சொன்னீங்க தலைவரே?"

"கழுவச் சொன்னோம்மா. வேன் தண்ணியிலன்னா சொன்னோம்?"

"அளத்துல வேற தண்ணி ஏதுங்க?"

"அது உங்க பிரச்சினை. தண்ணி கொறைஞ்சா வேன் என்னாவும்?" அறிவழகனின் குரல் தழுதழுத்தது. "அது இரும்பும்மா! ஒருநாள் உப்போட நின்னா அடுத்த நாளே துரு ஏறிடும். வாயில்லாத வண்டி, வலிச்சாலும் சொல்லுமா? நாமதான் பாத்துக்கணும்."

கூட்டம் முழுக்க உருக்கமாகத் தலையாட்டியது. அந்தப் பொறுப்புக்கென்றே உட்காரவைக்கப்பட்டிருந்த செல்வி மட்டும் ஆட்டவில்லை. குனிந்து, வெடிப்பெல்லாம் வெள்ளை பூத்திருந்த தன் பாதத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"எங்க காலு துருப்பிடிக்காதுன்னு எந்தக் கூட்டத்துல தலைவரே முடிவு பண்ணீங்க?"