நன்கு அறிந்தவர்கள் இருவர்

அந்த வாரத்தில் ஆந்தையின் செல்போன் முதல் முறையாக அடித்தது, அவருக்குத் துக்கம் சொல்வதற்காக.

"சார், அறக்கட்டளையிலேருந்து பேசறேன். எங்களோட அனுதாபங்கள். கார் குடுக்கறேன்னு சொன்னவர் தவறிட்டாராமே" என்றாள் அந்தப் பெண்.

"யாரு?"

"காரோட ஓனர் சார். இன்னிக்குப் பதிவுல பார்த்தேன், உரிமையாளர் காலமானார்னு இருக்கு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

ஆந்தை யோசித்தார். "நான்தாம்மா அது."

"புரியலையே சார்."

"எனக்கும்தான்."

ஆந்தை என்பது குளிர்பதனக் கிடங்கில் வைத்த பெயர். பதினோரு வருடம் அங்கே இரவு முழுக்க எடை பார்த்தார். மாலை ஆறரைக்குக் காரில் கிளம்பினால் விடிந்தபின் திரும்புவார். அடுக்குமாடியின் அடித்தளத்தில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்தே லிஃப்டில் மூன்றாம் மாடிக்குப் போய், திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஐந்து மாதத்துக்கு முன் கிடங்கில் ஒரு மெஷின் வந்தது. அதற்குத் தூக்கம் கிடையாது, டீயும் வேண்டாம். ஆந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காருக்கு இருபத்திரண்டு வயது. காலை வெயிலுக்காக ஒட்டிய கறுப்புத் தாள் கண்ணாடியெல்லாம் குமிழ் விட்டிருந்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி நான்கு விரலுக்கு மேல் இறங்காது. பழைய இரும்புக்காரர் சொன்ன விலையைக் கேட்டபிறகு, விற்பதைவிடத் தானம் செய்வதே கௌரவம் என்று தோன்றியது. யாருமில்லாத முதியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அறக்கட்டளைக்கு ஒரு கார் தேவைப்பட்டது. இந்தக் காருக்கும் எங்காவது போக வேண்டியிருந்தது.

சிக்கல் சின்னதுதான். பதிவுப் புத்தகத்தில் பழைய முகவரி. மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள் அறக்கட்டளையில். போக்குவரத்து அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு விண்ணப்பத்தை நீட்டி, "வண்டி கைமாத்தணும்னா எல்லாரும் இதைத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். எழுத்து பொடி. ஆந்தை கண்ணாடி கொண்டுபோகவில்லை. உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்திலும் தன் பெயர். உறவுமுறை என்ற இடத்தில் 'நானே'. நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அக்காவின் முகவரி. மூன்றாம் ஜன்னலில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணிடுங்க சார்" என்றாள் அறக்கட்டளைப் பெண். "இல்லேன்னா வேற ஒருத்தர் வேன் தரேன்னு நிக்கறார். அவர் உயிரோட இருக்கார்."

செவ்வாய்க்கிழமை மூன்றாம் ஜன்னலில் போய் நின்றார்.

"வாரிசு பேருக்கு மாத்தற விண்ணப்பம் இது" என்றார் எழுத்தர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி. "ஓனர் இறந்தாத்தான் குடுக்கணும்."

"நான் இறக்கலையே."

"அப்ப ஏன் சார் எழுதிக் குடுத்தீங்க? கையெழுத்துகூட அழகா போட்டிருக்கீங்க."

"இறப்புச் சான்றிதழ் இல்லாம எப்படிப் பதிவு பண்ணீங்க?"

"சான்றிதழ் பின்னால தரப்படும்னு இருந்துச்சு. டிக் பண்ணது நீங்க."

ஆந்தை பார்த்தார். டிக் அவருடையதுதான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவர் டிக்குக்கு வால் நீளம்.

"நான் உங்க முன்னாலதான நிக்கறேன்."

"நான் நம்பறேன் சார். கம்ப்யூட்டர் நம்பணுமே. நீங்க செத்தது மூணாம் ஜன்னல். உயிர் வாங்கணும்னா அஞ்சாம் ஜன்னல்."

ஐந்தாம் ஜன்னலில் இருந்த அம்மாள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, வேறொரு தாளை எடுத்துத் தள்ளினார்.

"இந்த ஆள் உயிரோட இருக்கார், இவரை எங்களுக்குப் பத்து வருஷமா நல்லாத் தெரியும்னு ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். ரத்த சொந்தம் கூடாது."

"ஒருத்தர் போதாதா?"

அந்த அம்மாள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டே ரெண்டு பேர்தானே கேக்கறோம். ஊருல உங்களைத் தெரிஞ்ச ரெண்டு பேர் இருக்க மாட்டாங்களா?"

ஆந்தை தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உலை வைத்தபோது போன் அடித்தது. அக்கா. பேசி நான்கு வருடமாகிறது.

"ஏங்க, என் தம்பி செத்துட்டான்னு ஆபீஸ்லேருந்து தகவல் வந்திருக்கு. இது அவன் நம்பர்தானே? நீங்க யாரு பேசறது?"

"நான்தான்க்கா."

"நான்தான்னா?"

"உன் தம்பி."

"குரலே மாறிப்போச்சேடா."

"பேசி நாளாச்சுல்ல, அதான்."

"அப்ப நீ சாகலை."

"இல்லைக்கா. வண்டி விஷயத்துல ஒரு தப்பு."

"சரி, நல்லதாப் போச்சு. அத்தான் லீவு சொல்லிட்டார், இப்ப வேண்டாம்னு சொல்லணும். அடுப்புல பால் இருக்கு, வைக்கறேன்."

வைத்துவிட்டாள். இவர் உலையும் பொங்கி வழிந்திருந்தது.

புதன்கிழமை கிடங்குக்குப் போனார். பழைய மேற்பார்வையாளர் வாசலுக்கு வந்து கை கொடுத்தார். ஆந்தை தாளை நீட்டினார். அவர் தாளிலிருந்த பெயரைப் படித்தார். "இது யாரு?"

"என் பேரு."

"அப்படியா? உங்களை ஆந்தைன்னுதான்யா தெரியும். கம்பெனி லெட்டர்ல பிரச்சினை ஆயிடும், தப்பா எடுத்துக்காதீங்க."

அடுத்து மெக்கானிக். அவர் கேள்வியே கேட்கவில்லை. காதிலிருந்த பேனாவை எடுத்து, எண்ணெய்க் கையோடு, 'எனக்கு நன்கு தெரிந்தவர்' என்பதற்கு எதிரே மடமடவென்று எழுதினார். ஆந்தை எட்டிப் பார்த்தார். காரின் நம்பர்.

"ஆள் பேரு எழுதணும்ங்க."

"ஓ, ஆளா." மெக்கானிக் அடித்துவிட்டுத் திருத்தினார். "இப்பச் சரியா? மூணு தடவை கிளட்ச் மாத்தினவன்ங்க நான். சத்தத்தை வெச்சே நீங்க வரீங்கன்னு சொல்லிடுவேன்."

ஒன்று ஆயிற்று. வியாழக்கிழமை முழுக்க இன்னொன்றுக்கு அலைந்தார். மருந்துக்கடையில் புது ஆள். எதிர்வீட்டுக்காரி கதவைச் சங்கிலி அளவுக்குத் திறந்து, "எந்த வீடு?" என்றாள்.

"எதிர்வீடு."

"அது பூட்டின வீடாச்சே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அன்று சாயங்காலம் ஆந்தை கூடத்தில் உட்கார்ந்து, கையெழுத்தில்லாத அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் காலியாகவே இருந்தால் கார் போகாது என்பது ஒரு பக்கம். ஐந்தாம் ஜன்னல் அம்மாளுக்குப் போய் என்ன பதில் சொல்வது என்பதுதான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் வாட்ச்மேன் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் ஆறுக்கு வந்து காலை எட்டு வரை கேட்டில் இருப்பவர். பதினோரு வருடமாக ஒரு நாள் தவறாமல் சல்யூட் வைத்தவர். இவ்வளவு பெரிய மனிதரை விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காரைக் கிளப்பிக் கேட்டில் நிறுத்தினார். வண்டி குளிரில் இருந்தது. முதல் பத்து நிமிடம் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். அதனால் இறங்க வழியில்லை. நான்கு விரல் இடைவெளி வழியாகத் தாளை நீட்டினார். வாட்ச்மேன் சல்யூட் வைத்துவிட்டு வாங்கினார்.

"ஒரு சாட்சிக் கையெழுத்து" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார் ஆந்தை. "என்னைத் தெரியும்னு."

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க" என்றார் வாட்ச்மேன். வலிக்கிற மாதிரி முகம் வைத்திருந்தார். "உங்களைத் தெரியாமலா? எங்க போடணும்?"

வண்டியின் கூரைமேல் தாளை வைத்து, நிதானமாக, எழுத்துக்கூட்டிப் போட்டார். பத்து வருடம் என்பதை அடித்துப் பதினொன்று என்று தானாகவே திருத்தினார். தாளை வாங்கி ஆந்தை அந்தத் திருத்தத்தை இரண்டு தடவை படித்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஐந்தாம் ஜன்னலில் அவருக்கு உயிரும் பதிவுப் புத்தகத்துக்குப் புது முகவரியும் வந்தன. "பாருங்க, ரெண்டு பேர் கிடைச்சாங்கல்ல" என்றார் அந்த அம்மாள்.

"கிடைக்காம என்ன" என்றார் ஆந்தை.

மூன்று மணிக்கு அறக்கட்டளை வாசலில் சாவியைக் கொடுத்தார். அந்தப் பெண் ஒரு ரசீதும் துணிப்பையும் தந்தாள். முகப்பில் காத்திருந்த பெரியவர் ஒருவர் உடனே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கப் பார்த்தார்.

"அது இறங்காது" என்றார் ஆந்தை.

பஸ்ஸில் திரும்பும்போது மனம் லேசாகத்தான் இருந்தது. வழியில் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வாட்ச்மேனோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம். இப்போது இரவு வேலை கிடையாது, பேச நேரம் இருக்கிறது.

ஆறரைக்குக் கேட்டை நெருங்கினார். பதினோரு வருடத்தில் அந்தக் கேட்டுக்குள் நடந்து நுழைவது முதல் முறை. வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆந்தை சிரித்தார். வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"யாருங்க? எந்த வீட்டுக்கு?"

ஆந்தை துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "மூணாம் மாடி" என்றார். "கடைசி வீடு."

வாட்ச்மேன் அடித்தளத்தில் காலியாகக் கிடந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பார்வையாளர் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"காலையில கார எடுத்துட்டுப் போனவர் இன்னும் வரலைங்க. உக்காருங்க, வந்ததும் நானே சொல்றேன், எனக்கு அவரை நல்லாத் தெரியும், பதினோரு வருஷப் பழக்கம்."