பத்து விரல், பத்து நிறம்

மன்னிப்பு என்ற சொல்லை வாயால் சொல்லாமல், மன்னிப்பை மட்டும் வாங்கிவிடுவது என்று போன ஞாயிறு காலை பூசை முடிந்து வரும் வழியில் தீர்மானித்தேன். கல்யாணம் கட்டி இருபத்தாறு வருசம். அந்தச் சொல்லை இன்னும் பாவிக்கவில்லை. வாங்கினபடி புதுசாகவே வைத்திருந்தேன்.

குற்றம் என்னுடையதுதான். என் பெயர் கிறகோரி. முல்லைத்தீவில் கடற்தொழில். எங்கள் கரைச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். மனைவி றோஸ்மேரி மூன்று மாதம் அழகுக்கலை படித்துவிட்டு, மணப்பெண் சோடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை வருசத்தில் அவள் என்னிடம் நகை கேட்டதில்லை. நகம்தான் கேட்டாள். நகப்பூச்சு போத்தலில் தெரிகிற நிறம் வேறு, நகத்தில் காய்ந்த பிறகு தெரிகிற நிறம் வேறாம். பூசிப் பார்த்தால்தான் பிடிபடுமாம். தன்னுடைய பத்து விரல் போதாமல் என்னுடையதைக் கேட்டாள். சங்கத் தலைவரின் விரலையா என்று மறுத்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் செயலாளர் ஸ்ரனிஸ்லஸ் வீட்டில் ஞானஸ்நான விருந்து. சங்கத்து ஆக்கள் முழுப்பேரும் அங்கேதான். றோஸ்மேரியின் சிவப்பு நகங்களைப் பார்த்துப் பெண்கள் வடிவென்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மீன் வெட்டுற கைக்கு எதைப் பூசினாலும் அவிச்ச நண்டின்ர கால் மாதிரித்தான் கிடக்கும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் ஒளித்த பிறகுதான், ஒரு ஆள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டேன். அந்தக் கை வெட்டினதெல்லாம் நான் பிடித்து வந்த மீன்.

வீட்டுக்கு வந்தால் சண்டை இருக்கும் என்று ஆயத்தமாக வந்தேன். இல்லை. நகத்தைத் துடைத்தாள். போத்தல்களை அலுமாரிக்குள் அடுக்கிப் பூட்டினாள். அன்றிலிருந்து இரண்டு கிழமை, பதினாலு நாளும் சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. எதைக் கேட்டாலும் ஓம், இல்லாவிட்டால் இல்லை. சண்டை பிடிக்கிற மனுசியோடு எத்தனை வருசமும் இருக்கலாம். ஓம் சொல்லுகிற மனுசியோடு ஒரு பிடி சோறு இறங்காது.

பேச்சில்லாத வீட்டில் பூச்சாவது நடக்கட்டும். அதுதான் என் திட்டம். விரலைக் கொடுத்தால் மன்னிப்புக் கேட்டது போலவும் இருக்கும், கேட்காதது போலவும் இருக்கும். பின்னேரம் நாலு மணிக்குச் சங்கக் கூட்டம். அதற்குள் பூசி, காய்ந்து, அழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

சமைத்துக்கொண்டிருந்தவளிடம் குசினி வாசலில் நின்று, "நிறம் பாக்கவேணும் எண்டாய், இந்தா" என்று கையை நீட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கதிரையைக் காட்டினாள்.

வலை இழுத்துத் தடித்து, உப்பில் வெடித்த நகங்கள். ஒவ்வொன்றாக அராவி, துடைத்து, பூசினாள். சின்ன விரலில் மாதுளம்பூ நிறம். அடுத்ததில் முத்துப் போல வெளிறிய ரோசா. நடுவிரலில் மினுக்கத் தூள். சுட்டுவிரலில் கொஞ்சமும் மினுங்காத கடல்நீலம். ஒரு பூச்சு காயும்வரை அசையக்கூடாது, பிறகு இரண்டாம் பூச்சு. மூக்கு கடித்தது. சொறிய விடவில்லை. ஆனால் கதைத்தாள். இது வெயிலுக்குப் பளிச்சென்று நிற்கும், இது கறுத்த பிள்ளைகளுக்கு எடுப்பாயிருக்கும், இது கூறைச் சேலைக்குச் சரிவராது என்று எனக்கு ஒன்றும் விளங்காத கதைகள். கதைத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெருவிரலில் ஒரு பழைய கத்திக் காயம். எப்போது வெட்டினது என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். அப்போதும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு, அழிக்கிற தண்ணி எங்கே என்றேன்.

"முடிஞ்சுது. இண்டைக்கு ஞாயிறு, கடையும் பூட்டு."

படகுக்குப் பெயின்ற் கரைக்கிற தின்னர் இருக்கிறதே என்று பின்பக்கம் ஓடினேன். அதை ஸ்ரனிஸ்லஸ் அண்ணை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம், காலையில் இவளே எடுத்துக் கொடுத்தாளாம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். தேங்காய்ப் பொச்சால் உரசினேன். பூச்சு இன்னும் பளபளத்தது.

சாரத்துக்குப் பொக்கற் இல்லாதபடியால் காற்சட்டை போட்டு, இரண்டு கையையும் உள்ளே செருகிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். ஐஸ் அறையைக் கரையின் எந்தப் பக்கம் கட்டுவது என்று வாக்கெடுப்பு. வடக்குக்குப் பதினொரு கை, தெற்குக்குப் பதினொரு கை.

"தலைவர் எந்தப் பக்கம்?" என்றார் ஸ்ரனிஸ்லஸ்.

வடக்கு என்று வாயால் சொன்னேன். கையை உயர்த்தினால்தான் செல்லும் என்று அவர் சங்க விதிகள் எழுதின கொப்பியைத் திறந்து காட்டினார். உயர்த்தினேன். ஐந்து விரல், ஐந்து நிறம். மறைக்க இனி என்ன இருக்கிறது என்று மற்றக் கையையும் வெளியே எடுத்தேன்.

"என்ர மனுசி பூசினவா. அண்டைக்கு உங்களுக்கு முன்னால நான் சொன்னது பிழை. அவாவின்ர கை வடிவான கை."

இருபத்திரண்டு ஆம்பிளைகளுக்கு முன்னால் வந்த சொல், வீட்டில் ஒரு மனுசிக்கு முன்னால் ஏன் வரவில்லை என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் மூன்று சைக்கிள்கள். விறாந்தையில் பெண்கள். ஸ்ரனிஸ்லஸ் என் கையைப் படம் எடுத்துத் தன் மனைவிக்கு அனுப்ப, அது எனக்கு முதலே ஊர் சுற்றியிருந்தது. அடுத்த மாதம் கல்யாணம் நடக்கிற நிறஞ்சனா, என் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, மோதிர விரலின் ரோசா நிறத்தைத் தெரிவு செய்தாள். மற்ற இருவரும் தங்கள் வீட்டு மணப்பெண்ணைச் சோடிக்க றோஸ்மேரியிடம் நாள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு றோஸ்மேரிக்கு முன்னால் போய் நின்றேன்.

"பிழை என்னிலதான். மன்னிச்சுக்கொள்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். கண் கொஞ்சம் கலங்கினது போல இருந்தது. பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்தாள். அழிக்கிற தண்ணி. மூடிகூட உடைக்காத முழுப் போத்தல்.

பஞ்சை நனைத்து என் முதல் விரலைத் துடைத்தபடி, என் கால் விரல்களைப் பார்த்துச் சொன்னாள்:

"அடுத்த கூட்டத்துக்குச் சப்பாத்துப் போடாதேங்கோ. செருப்போட போங்கோ."