சோளத்தோகை அடைத்த அப்பா

“இந்தத் தடவை சாண்டா அழக் கூடாது. அழ விடமாட்டேன்!” என்று என் வீட்டுக்காரர் கெனாடி மேசையில் குத்தினார். தட்டெல்லாம் துள்ளி உட்கார்ந்தது.

சாண்டா எங்கள் மகள். நாலு வயது. இவர் வருஷத்தில் பத்து மாதம் இத்தாலியில் செங்கல் அடுக்குகிறவர். எங்கள் மால்டோவாவில் பாதிப் பேர் இப்படித்தான். இங்கே ஒரு வீடு கட்ட, அங்கே நூறு வீடு கட்டுவார்கள். போன வருஷம் வேன் வந்தபோது இவர் காலைக் கட்டிக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் அடுத்த ஊர் நாய்களெல்லாம் குரைத்தன. இத்தாலி போய்ச் சேர்ந்தும் இவருக்குக் காதில் அதுதான் கேட்டதாம்.

அதனால் ஒரு திட்டம் போட்டார். தனக்குப் பதிலாக ஒரு அப்பாவைச் செய்து வைத்துவிட்டுப் போவது!

சட்டையும் கால்சட்டையும் இவருடைய பழசு. உள்ளே சோளத்தோகை. தலைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். கண்ணுக்கு என் கோட்டுப் பொத்தான் இரண்டு, கேட்காமலே பிய்த்துக்கொண்டார். மீசைக்குத் தேய்ந்த ஷூ பிரஷ். தொப்பி, சந்தையில் கிலோ கணக்கில் விற்கும் பழந்துணிக் குவியலில் பொறுக்கியது.

“எப்படி இருக்கு?”

“உங்களைவிட நல்லா இருக்கு. குடிக்கல, குறட்டை விடல.”

“கிண்டல் பண்ணாத லியூபா. பாப்பா நம்பணும்ல?”

“சரி, காது எங்க?”

“எதுக்கு? இருக்கிற காதுலயே நீ சொல்றது எனக்கு ஏற மாட்டேங்குது.”

கழுத்தை மட்டும் நான் தைத்துக் கொடுத்தேன். சட்டையில் இவர் வாசம் அப்படியே இருந்தது. ஊசி குத்திவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் பாடம் நடந்தது.

“இது யாரு?”

“அப்பா.”

“நான் யாரு?”

“அப்பா.”

“ரெண்டு பேரும்?”

“ஒண்ணுதான்!”

“இந்த அப்பா என்னல்லாம் பண்ணுவாரு?”

“எல்லாம் பண்ணுவாரு!”

வாத்தியாருக்கு ஒரே பெருமை.

ஞாயிறு காலை வேன் வந்தது. டிரைவர் ஃபியோடர் பையை ஏற்றினார். சாண்டா அழவில்லை. இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்போதுதான் அவள் பொம்மையைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“ஃபியோடர் மாமா, தூக்கி விடு.”

விளையாட்டு என்று நினைத்த அவர், அதைத் தூக்கி ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்தார். அது இவருடைய இடம்.

“என்ன கண்ணு இது?” என்றார் இவர்.

“அப்பா இத்தாலிக்குப் போறாரு.”

“அப்ப நான்?”

“நீ உள்ள வா. களி ஆறிடும்.”

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரு சாண்டா இருக்கிறாள்.

“அதுக்குச் செங்கல் அடுக்கத் தெரியாதும்மா.”

“எல்லாம் பண்ணுவாருன்னு நீதான சொன்ன?”

இவர் என்னைப் பார்த்தார்.

“என்னைப் பாக்காதீங்க. பாடம் எடுத்தது நீங்க.”

ரோட்டிலேயே மண்டி போட்டார். “அது அப்பா இல்லடா. வெறும் தோகை. பழைய சட்டை. அதால ஒண்ணும் பண்ண முடியாது.”

“நிஜமாவா?”

“நிஜமா.”

சாண்டா ஜன்னலோரம் இருந்த பொம்மையை அண்ணாந்து பார்த்தாள்.

“அப்ப எனக்கெதுக்கு? நீயே வச்சுக்கோ.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இவர் நினைத்தது நடந்துவிட்டது.

வேனில் வேறு இடமில்லை. பொம்மையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டுதான் இவர் உட்கார முடிந்தது. வண்டி நகர்ந்தபோது நான் கையசைத்தேன். ஜன்னலில் பதிலுக்குக் கையசைத்தது தண்ணீர் கேன் தலை அப்பாதான். இவர் பின்னாலிருந்து அதன் கையை ஆட்டியபடி, அதன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார்.